வில்லன் என்றால் பண்ணையாள்

முதுகலை சமூகவியல், முதலாம் ஆண்டு. ஆளுக்கொரு கட்டுரையை வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். என் முறை வந்தபோது, தாளில் இருந்த ஒரு சொல்லை 'ஃபாக்ஸ் பாஸ்' என்று வாசித்தேன். எழுத்தும் அப்படித்தான் இருந்தது. எஃப், ஏ, யு, எக்ஸ். பக்கத்தில் பி, ஏ, எஸ். முன் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி இரண்டாம் வரிசைக்குப் போனது. பேராசிரியர் 'ஃபோ பா' என்று திருத்தினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் திருத்தினார். மீதிக் கட்டுரையை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இரவு விடுதியில் அகராதியைப் புரட்டினேன். பிரெஞ்சில் 'ஃபோ' என்றால் பொய்யான, தவறான. 'பா' என்றால் காலடி. ஆக, தப்படி. நாலு பேர் கூடிய இடத்தில் செய்யக்கூடாததைச் செய்துவிடுவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்களாம். தப்படி என்ற சொல்லைத் தப்பாகப் படித்துத் தப்படி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் தப்படி என்றால் வேறு. என் பெரியப்பா தப்பு அடிப்பவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர் அடித்தால் ஊரே காது கொடுக்கும், ஆனால் அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லாது. இப்போது இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஆங்கிலப் புத்தகங்களில் தட்டுப்படும் பிரெஞ்சுச் சொற்களையெல்லாம் அதில் எழுத ஆரம்பித்தேன். எழுத்து ஒரு பக்கம், உச்சரிப்பு தமிழில் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம். 'விஸா வீ' என்றால் முகத்துக்கு முகம், எதிரெதிரே. 'ஃபெட் அக்கோம்ப்ளி' என்றால் முடிந்துபோன காரியம், இனி நீ கத்திப் பயனில்லை. 'பெட் நுவார்' என்றால் கறுப்பு மிருகம், ஒருவருக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாத ஆள். (வெறுப்புக்கு ஏன் கறுப்பு நிறம் என்று அப்போதே அருகில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.) வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்த அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் கீழே 'ஆர்.எஸ்.வி.பி.' என்று இருந்தது. யாரோ பெரியவருடைய பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டேன். 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்பதன் பிரெஞ்சு முதலெழுத்துகள் அவை. நான் பதிலும் சொல்லவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பக்கம். 'பவுர்ஜியோஸ்' என்று ஒரு சொல் பாடப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அப்படித்தான் மனசுக்குள் வாசித்தேன். உச்சரிப்பு பார்க்கப் போனால், அது நம்ம 'பூர்ஷ்வா'! செங்கொடிச் சங்கத்தில் இருந்த என் மாமா சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் திட்டும் சொல். நாலாம் வகுப்போடு நின்றவர் அவர். அந்தச் சொல்லை என் வகுப்பின் முன் வரிசையை விடச் சரியாகச் சொல்வார். அதே மாதிரி, காரைக்கால் பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவரை எங்கள் ஆட்கள் 'சொல்தா' என்பார்கள். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல். அது பிரெஞ்சு என்று தெரியாமலேயே சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்ந்திருக்கிறேன்.

கண்ணால் மட்டும் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் வீட்டிலேயே காதால் கேட்டவர்களுக்கும் உள்ள தூரம்தான் அந்தச் சிரிப்பு. இதற்குப் 'பண்பாட்டு மூலதனம்' என்று பெயர் வைத்தவர் பியர் பூர்தியு. அவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஆனால் தென்மேற்கு மூலையில் பெயார்ன் பகுதிக் கிராமத்துத் தபால்காரர் மகன். பாரீஸ் பிரெஞ்சு அவர் வீட்டுப் பேச்சு அல்ல. அவர் பெயரையும் நான் முதலில் 'போர்டியூ' என்றுதான் படித்தேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது.

ஆங்கிலத்துக்குள் இத்தனை பிரெஞ்சு எப்படி வந்தது என்று தேடியபோதுதான் எனக்குப் பயம் விட்டது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்ற பிரபு கடல் கடந்து வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து மன்னனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். நிலமெல்லாம் அவனோடு வந்தவர்களுக்குப் போனது. அவர்கள் பேசியது பிரெஞ்சு. அரண்மனையும் நீதிமன்றமும் விருந்தும் பிரெஞ்சில் நடந்தன. உழுதவனும் மாடு மேய்த்தவனும் ஆங்கிலம் பேசினான். எந்த மொழி 'தரம்' என்று இன்று நம்மைச் சிரிக்கிறார்களோ, அந்த மொழி முந்நூறு ஆண்டு காலம் சேற்றில் நின்றவர்களின் மொழி. மேசைக்கு அது அழைக்கப்படவில்லை.

எல்லோரும் சொல்லும் உதாரணம் கறி. மாடு மேய்த்தவன் சொன்னது 'கவ்', தின்றவன் சொன்னது 'பீஃப்'. 'ஷீப்' மந்தையில், 'மட்டன்' தட்டில். 'ஸ்வைன்' சேற்றில், 'போர்க்' மேசையில். 1819-இல் வால்டர் ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு கோமாளியும் பன்றி மேய்ப்பவனும் இதைப் பேசிக்கொள்வார்கள். அதன் பிறகுதான் இந்த விஷயம் ஊரெல்லாம் பரவியது. உண்மையில் பிரிவினை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. உயிரோடிருக்கும் மாட்டையும் பல நூற்றாண்டுகள் 'பீஃப்' என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மேய்ப்பவனுக்கு ஒரு சொல், தின்பவனுக்கு ஒரு சொல் என்றால் நமக்குச் சட்டென்று புரிகிறது. நம் ஊரில் அது தலைகீழ். தின்பவன்தான் கீழே. எங்கள் வீட்டில் 'பெரிய கறி' என்று குரலைத் தணித்துச் சொல்வார்கள். நகரத்து ஓட்டல் பலகையில் 'பீஃப்' என்று போட்டுவிட்டால் அதே கறிக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது. வெற்றி பெற்றவன் சொல்லுக்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பலன் இருக்கிறது.

நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் சிவப்பு மையில் கட்டம் போட்டிருக்கிறேன். வில்லன்.

இந்தச் சொல் தெரியாத தமிழர் உண்டா? நம்பியார் கையைப் பிசைந்தால் வில்லன். ரகுவரன் குரலைத் தாழ்த்தினால் வில்லன். எங்கள் ஊர்க் கீற்றுக் கொட்டகையில் வில்லன் அடிவாங்கும்போது என் பாட்டி எழுந்து நின்றுவிடுவாராம். பழைய படங்களில் வில்லன் பெரும்பாலும் பண்ணையார்தானே. ஆனால் அந்தச் சொல்லின் வேரைப் பிடித்துப் போனால் வேறு ஆள் நிற்கிறார். இலத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையில் கிடந்து உழைப்பவர் 'வில்லானுஸ்'. பழைய பிரெஞ்சில் அது 'விலான்' ஆனது. அதை நார்மானியர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். 1086-இல் வில்லியம் எடுக்கச் சொன்ன நிலக் கணக்கு 'டூம்ஸ்டே' பதிவேடு. அதில் எண்ணப்பட்டவர்களில் மிகப் பெரிய கூட்டம் இந்த வில்லான்கள்தான். பிற்காலச் சட்டத்தில் வில்லான் என்றால் நிலத்தோடு கட்டப்பட்டவன். பிரபு அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. பிரபுவின் வயலில் வாரத்தில் இத்தனை நாள் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமானால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். என் தாத்தா பண்ணையாள். கீழத்தஞ்சை. விடிவதற்கு முன் பண்ணை வாசலில் நிற்க வேண்டும். பிள்ளைக்குக் கல்யாணம் பேசினால் முதலில் மிராசுதாரிடம் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். நேரம் தவறினால் சவுக்கடியும் சாணிப்பாலும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 1952-இல் வந்தது, அதுவும் செங்கொடிச் சங்கங்கள் வருடக்கணக்கில் அடிபட்ட பிறகு. தாத்தாவுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது. சாணிப்பால் நின்றது மட்டும் தெரியும்.

அப்படியானால் பண்ணையாளைக் குறித்த சொல் எப்படிக் கொடியவனைக் குறிக்கும் சொல்லானது? யாரும் ஒரே நாளில் மாற்றவில்லை. பிரபு வீட்டில் 'விலான்' என்று சொல்லும்போதெல்லாம் முகம் சுளித்துச் சொன்னார்கள். நாட்டுப்புறத்தான், அழுக்கன், நாகரிகம் தெரியாதவன், அதனால் நம்ப முடியாதவன், அதனால் திருடன், அதனால் கொடியவன். ஒவ்வொரு படியும் ஒரு தலைமுறையோ இரண்டோ பிடித்திருக்கும். கடைசியில் எழுத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். வரலாற்றுப் புத்தகத்து அடிமைக் குடியானவனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், நாடகத்துக் கொடியவனுக்கு இன்னொன்று. 1381-இல் இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் இந்த அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லி லண்டனுக்குள் நுழைந்தார்கள். அரசன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். தலைவன் வாட் டைலரைக் கொன்ற பிறகு பத்திரங்களைத் திரும்ப ரத்து செய்தான். வில்லன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதே வண்டியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது 'ஜென்டில்'. பிரெஞ்சில் 'ஜான்தி' என்றால் நல்ல குடியில் பிறந்தவர், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது மென்மையானவர், அன்பானவர் என்றானது. 'நோபிள்' என்பதும் அப்படியே. உயர்ந்த குடும்பத்தவர் என்பது உயர்ந்த உள்ளத்தவர் என்றானது. பிறப்பு குணமாக மாறுகிறது. கீழே இருப்பவனின் வேலை குற்றமாக மாறுகிறது. சாதி பற்றி நான் படித்த தடித்தடிப் புத்தகங்களை விட இந்த இரண்டு சொற்கள் எனக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தன. நம் மொழியும் சளைத்ததல்ல. 'சேரி' என்பது சங்க நூல்களில் மக்கள் சேர்ந்து வாழும் எந்தத் தெருவுக்கும் உரிய சொல். இன்று அது ஒரே ஒரு தெருவைத்தான் குறிக்கிறது, வசையாகவும் இருக்கிறது.

இதெல்லாம் சொல்லாராய்ச்சி, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. 1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பணக்காரர்கள், நிலம் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், இவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருள்படத் தீர்ப்பு எழுதி மிராசுதார்களை விடுவித்தார்கள். 'ஜென்டில்மேன்' என்ற சொல் தீர்ப்பில் வேலை செய்யும் விதம் இது. அந்தச் சொல்லை எழுதக்கூடத் தேவையில்லை.

இன்னொரு சொல் உண்டு. அது எதிர்த்திசையில் பயணம் போனது. பறையடிப்பவர்களின் பெயரான எங்கள் பெயர், போர்ச்சுக்கீசியர் வழியாகவும் ஆங்கிலேயர் வழியாகவும் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சில் 'பாரியா'. 1821-இல் காசிமீர் தெலவீன் அந்தத் தலைப்பில் பாரீஸில் நாடகமே போட்டார். 1838-இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண், பெரு நாட்டுக்குப் போய்வந்த தன் பயண நூலின் தலைப்பில் தன்னையே 'பாரியா' என்று சொல்லிக்கொண்டார். கணவனைப் பிரிந்து, விவாகரத்துக்குச் சட்டம் இடம் கொடுக்காத நாட்டில் அலைந்தவர் அவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் வலிக்கு எங்கள் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறார். ஆனால் இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லோரும் ஒதுக்கிய நாட்டைப் 'பரையா நாடு' என்று தலைப்புச் செய்தி போடுகின்றன. பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். தலையங்கத்தில் எழுதினால் அது நல்ல ஆங்கிலம்.

எங்கள் வகுப்பில் மாக்ஸ் வெபரின் 'பரியா மக்கள்' பாடமாக வந்தது. வெபர் யூதர்களைக் குறித்துச் சொன்னது. பேராசிரியர் 'பரையா, பரையா' என்று முக்கால் மணி நேரம் சொன்னார். ஆங்கிலேயருக்கு வல்லின 'ற' வராது, அதனால் வந்த உச்சரிப்பு. இவர் தமிழர். இவருக்கு வரும். வகுப்பில் அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஆள் நான்தான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகும் நோட்டு உதவியது. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதிக்காகப் போயிருந்தோம். எங்கள் பிள்ளைகள் இருபது பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். குளிரூட்டிய அறை. பிஸ்கட் தட்டு. பெரிய அதிகாரி பேச்சின் கடைசியில் 'நோப்லெஸ் ஒப்ளீஜ்' என்று சொல்லிப் புன்னகை செய்தார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். உயர்குடியில் பிறந்ததே கடமையைச் சுமத்துகிறது என்று அர்த்தம். மேலே இருக்கிறோம், அதனால் கீழே இருப்பவர்களுக்குச் செய்கிறோம். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. எழுந்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது பேரின் கட்டணம் அந்த மேசையில் இருந்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்த நோட்டில், அந்தச் சொல்லுக்கு எதிரே தேதியை மட்டும் எழுதினேன்.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை எல்லாம் பிரபுக்களின் சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. 'லிபர்ட்டி', 'ஈக்வாலிட்டி', 'ஃப்ரெட்டர்னிட்டி' மூன்றும் பழைய பிரெஞ்சு வழியாக வந்தவைதான். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசியபோது, அந்தக் கூட்டத்தை 1789-இல் வெர்சாயில் கூடிய பிரெஞ்சு மக்கள் பிரதிநிதிகளின் சபையோடு ஒப்பிட்டார். குளத்துத் தண்ணீரைத் தொட உரிமையில்லாதவர்களின் கூட்டத்தை! அரசியலமைப்பின் முகவுரை வரைவில் 'ஃப்ரெட்டர்னிட்டி'யைச் சேர்த்தது அவர் தலைமையிலான வரைவுக் குழு. அதற்காக அது பிரெஞ்சு இரவல் என்று யாரும் முடித்துவிட முடியாதபடி, 1954-இல் அகில இந்திய வானொலியில், இந்த மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, தம் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்ததாகச் சொன்னார். சொல் எங்கிருந்து வந்தாலும் அதன் பொருளைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது என் வேலையில் பாதி நாள் நீதிமன்ற வளாகத்தில் போகிறது. மனைப்பட்டா வழக்கு ஒன்றில் ஒரு பாட்டியோடு போய்வருகிறேன். வழக்கறிஞர் 'பிளெயின்ட்' என்பார், 'பிளெயின்டிஃப்' என்பார். 'அது யாருடி?' என்று பாட்டி என்னைக் கேட்டார். 'நீதான் ஆயா' என்றேன். பழைய பிரெஞ்சில் அது புலம்பல், புலம்புகிறவர். நாம் சொல்லும் 'பிராது'வும் பாரசீகத்தில் முறையீட்டுக் கூக்குரல்தான். 'அதத்தான் செஞ்சிக்கிட்டு இருக்கேன், எத்தன வருசமா' என்றார். இங்கிலாந்திலும் வழக்காடுபவனுக்கு வழக்கு புரியாத காலம் இருந்தது. பிரெஞ்சு மக்களுக்குப் புரியவில்லை, இனி வாதம் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! நீதிமன்றம் முழுவதுமாக ஆங்கிலத்துக்கு வர 1733 ஆனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பாட்டியிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை.

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் எங்கள் தெரு இரவுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் 'ரெண்டஸ்வவுஸ்' என்றாள். பக்கத்தில் இருந்த பையன், போனில் எங்கோ கேட்டிருக்கிறான், 'ராந்தேவூ'டி என்று சொல்லிச் சிரித்தான். அவள் புத்தகத்தை மூடப் போனாள்.

'மூடாத. அர்த்தம் தெரியுமாடா உனக்கு?' என்று அவனைக் கேட்டேன். தெரியவில்லை. அவளைக் கேட்டேன். கதையை வைத்து யோசித்து, 'பேசி வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சந்திக்கிற எடம்க்கா' என்றாள். பலகையில் எழுதினேன். அதன் கீழே, பிரெஞ்சில் அது ஒரு கட்டளை, 'வந்து சேருங்கள்' என்று அர்த்தம் என்றும் எழுதினேன். பையனும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அவள் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.